உன்னிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை

திரையில் பச்சைக்கோடு பாதியில் நின்றுவிட்டது. அது புதிதல்ல. அதற்குக் கீழே மூன்று காலிப் பெட்டிகள் முளைத்திருந்ததுதான் புதிது. பெட்டிகளுக்கு மேலே ஒரே ஒரு வரி: உன்னிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். அந்த அலுவலகத்தில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யாருக்குத் தலைவலி என்றாலும் அவள் பையிலிருந்து மாத்திரை வரும், யாருக்கு வீட்டில் சண்டை என்றாலும் அவள் காது வரும். அன்று விடுமுறை நாள். ஆனாலும் கட்டிடத்தின் நிலத்தடித் தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த அறையில், அவள் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தாள். காரணம் அவசரம்தான்.

அவசரம் என்பது ஆள் பெயர். எதையும் பொறுக்கத் தெரியாத அந்தப் பையனுக்கு, கூட வேலை பார்க்கும் வாத்தி வைத்த பெயர். அன்று காலைதான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவன் இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய கணினியில் புதிய மென்பொருளை ஏற்றி முடித்துவிட்டுத்தான் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். தனியாகக் கிடந்து திண்டாடுவானே என்று அக்காவும் வாத்தியும் துணைக்கு வந்தார்கள். நீ கிளம்பு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இருவரும் எவ்வளவோ சொன்னார்கள். உங்களை விட்டுவிட்டுப் போனால் சோறு இறங்காது என்று அவன் நகர மறுத்தான்.

மேசைக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த கணினிக்கு மாமனார் என்று பெயர். எழுந்திருக்க அரை நாள், எழுந்த பிறகு மூக்கால் ஒரு முனகல், எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று ஒரு முரண்டு. மென்பொருள் ஏறும் நேரமெல்லாம் மூவரும் வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டுச் சொல் கண்டுபிடித்து விளையாடுவார்கள். தோற்றவர் தேநீர் வாங்க வேண்டும். வாத்தி எப்போதும் ஜெயிப்பார். அடுத்தவர் எழுத்துப் பிழையைத் திருத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது.

“இன்னும் ரெண்டு நிமிஷம்னு காட்டுது. நான் என் வீட்டுல சொல்ற ரெண்டு நிமிஷம் மாதிரியே இருக்கு” என்றான் அவசரம்.

“இந்தப் பெட்டியை யார் வச்சது, நீயா?” என்றாள் அக்கா.

“நான் இல்லக்கா. வாத்தி வேலையா இருக்கும்.”

வாத்தி சிரித்தார். அவசரத்தின் குறும்பு என்றே அவர் நினைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, மூன்று பெட்டிகளில் ‘நகம்’ என்று அடித்தார்.

கோடு துள்ளி நகர்ந்தது.

அடுத்த கணம் வாத்தி கையை உதறினார். கட்டைவிரலில் நகம் இல்லை. பிய்ந்து தொங்கவுமில்லை. நகம் இருந்த இடத்தில் சிவந்த ஈரச்சதை மட்டும் பளபளத்தது. விசைப்பலகையில் உடைந்த விசை ஏதோ கிழித்திருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். அக்கா தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போதே கீழே தேடினாள். விழுந்த நகம் எங்கேயும் இல்லை.

அதற்குள் இரண்டு பெட்டிகள் வந்திருந்தன. அதே வரி. வலியை மறக்க விளையாட்டு நல்லதுதானே என்று வாத்தி இடது கையால் ‘பல்’ என்று அடித்தார். கோடு நகர்ந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம் இழைந்து சட்டைக் காலரில் சொட்டியது. ஏதோ சொல்ல முயன்றார், காற்றுதான் வந்தது.

அக்கா அவரை மருந்துக்கடைக்கு அனுப்பினாள். படியேறும் அவருடைய காலடி தேய்ந்து மறைந்தபின் அறை சட்டென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. மாமனாரின் உறுமல் மாறியிருப்பதை அப்போதுதான் கேட்டாள். உள்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் போய், இழுத்து, நிறுத்தி, விட்டு, மறுபடி இழுக்கும் ஒலியாகியிருந்தது. தூங்குகிற மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்குமே, அந்த மாதிரி. சூடான தூசியின் வழக்கமான வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, மயிர் கருகுவது போல, ஈர இரும்பு போல, மெல்ல எழுந்து அவள் நாக்கில் படிந்தது.

“போதும்ப்பா. இதை இப்படியே விட்டுட்டு நீ கிளம்பு” என்றாள்.

“பதில் சொன்னா நகருதுக்கா. பாத்தீங்கல்ல?”

“அவருக்கு அடி பட்டதையும் பாத்தேன்.”

“ஈறு வீங்கியிருக்குன்னு ஒரு வாரமா சொல்லிட்டுதான இருந்தாரு. ஒவ்வொண்ணா அடிச்சிட்டு உக்காந்தா பொழுது போயிடும். நான் ஒண்ணு பண்றேன்.”

அவன் பண்ணியது எந்த நிரலாளனும் பண்ணக்கூடியதுதான். ஒரே வேலையைக் கையால் மூன்றாவது முறை செய்ய அவர்களுக்கு மனம் வராது. அகராதிச் சொற்கள் அத்தனையையும் எடுத்து, பெட்டிக்குப் பொருந்துகிறவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் சின்ன நிரல் ஒன்றைத் தன் மடிக்கணினியில் எழுதினான். எழுதும்போது குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தான். பிறகு மாமனாருக்கு முன்னால் வாத்தி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து, நிரலை அதில் ஏற்றி, ஓடவிட்டான்.

சொற்கள் மின்னி மறைந்தன. பெட்டிகள் நிரம்பின.

விரல்.

காய்ந்த குச்சி முறிவது போல ஒரு சத்தம். அவசரம் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். சுட்டுவிரல் அடியோடு இல்லை. அவன் கத்தவில்லை. இது என்ன என்று கேட்பவன் போல அக்காவைப் பார்த்தான். அதற்குள் புதிய பெட்டிகள். நிரல் காத்திருக்கவில்லை.

மணிக்கட்டு.

இப்போது கத்தினான். அவன் கை மேசைமேல் இல்லை, தரையிலும் இல்லை. ரத்தம் திரையில் தெறித்து, பச்சைக்கோட்டின் மேல் வழிந்தது. அக்கா மேசைக்கு அடியில் பாய்ந்து மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பொறி பறந்து அறை விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் மாமனாரின் தகரப் பெட்டி அவள் தோளில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. மேலும் கீழும் அசைந்தது.

கடவுளே என்றாள்.

அவனை அக்குளில் கைகொடுத்து நாற்காலியிலிருந்து இழுத்தாள். கதவுவரை இழுத்தாள். கைப்பிடி திரும்பவில்லை. தோளால் இடித்தாள். பின்னால் விசைகள் தாமாகத் தட்டும் ஓசை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்தாள்.

முழங்கால்.

நாற்காலியை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் போனது அவனுடைய முழங்காலாகவே இருந்தது. அவன் கால்சட்டை ஒரு பக்கம் சட்டென்று தட்டையானது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் அழுதான். “பாப்பாவைப் பாக்கணும்க்கா” என்றான்.

அக்கா அவனைச் சுவரோடு சாய்த்து, தன் துப்பட்டாவால் தொடையை இறுக்கிக் கட்டினாள். நிரலை நிறுத்த வேண்டும். வழுக்கி வழுக்கித் திரைக்கு ஓடி, நாற்காலியில் உட்கார்ந்து, தெரிந்த விசைகளையெல்லாம் அழுத்தினாள். எதற்கும் அது கட்டுப்படவில்லை. இரண்டு பெட்டிகள் நிரம்பின.

காது.

இடது பக்கம் உலகமே அறுந்து போயிற்று. சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது. வலி வருவதற்கு முன்னால் வந்தது ஒரு தெளிவு. இது அவளுடைய காது. அவனுடையது அல்ல. வாத்தி எழுந்து, இவன் உட்கார்ந்தான். இவன் எழுந்து, அவள் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியாக உட்கார்ந்தவரைத்தான் அது எடுத்துக்கொள்கிறது.

கதவு ‘க்ளிக்’ என்று தானாகத் திறந்தது. நடைக்கூடத்து வெளிச்சம் ஒரு துண்டு உள்ளே விழுந்தது.

“போ” என்றாள். “குழந்தையைப் போய்ப் பாரு.”

“நீங்க?”

“நான் வாத்தி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன். போ சாமி.”

அவன் ஊர்ந்து போனான். ஒரு கையும் ஒரு காலுமாகத் தரையில் இழுபடும் ஓசை, நின்று, மறுபடி இழுபட்டு, படிக்கட்டுப் பக்கம் போயிற்று. அக்கா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க அவள் செய்ததெல்லாம் இதுபோல் சின்னச் சின்ன உதவிதான். உட்கார இடம் கொடுப்பது, வரிசையில் முன்னே விடுவது, அடுத்தவர் சுமையில் ஒரு பை வாங்கிக்கொள்வது. இதுவும் அப்படித்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் அடங்கியது.

தோள்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கத்தினால் அவன் நின்றுவிடுவான். இடது கை இருந்த பக்கம் சட்டை காலியாக ஆடியது. கோடு ஏறக்குறைய முழுசாகிவிட்டது. மேசைக்கு அடியில் ஏதோ தகரத்தை உள்ளிருந்து தடவியது. நகம் படும் சத்தம். ஒரே ஒரு நகம்.

அப்போது வலது காதில் அந்த ஓசை கேட்டது.

இழுபடும் ஓசை. நின்று. மறுபடி. போகவில்லை. திரும்பி வருகிறது.

“வராத” என்றாள். குரல் எழும்பவில்லை.

வாசலில் அவன் முகம் தரையோடு தெரிந்தது. வெளுத்துப் போயிருந்தது. கண்ணீரும் ரத்தமும் கலந்து மோவாயில் ஒழுகின. அவனுக்குப் பின்னால் படிக்கட்டும், படிக்கட்டின் உச்சியில் வெயிலும் இருந்தன. அவ்வளவு தூரம் போய்விட்டுத்தான் வந்திருக்கிறான்.

“எந்திரிங்கக்கா. உங்கள விட்டுட்டுப் போயி எப்படி அவ முகத்துல முழிப்பேன்.”

“சொன்னாக் கேளு. போயிடு.”

“எந்திரிங்க.”

நாற்காலியின் காலைப் பிடித்து எழும்பி, தன் பாதி உடம்பை அவள் மடியோரம் திணித்தான். அவள் அவனை முழங்கையால் தள்ளினாள். அவன் நகரவில்லை. அவன் மிச்சமிருந்த கையால் அவள் மிச்சமிருந்த கையைப் பற்றிக்கொண்டான். ஒருவரையொருவர் காப்பாற்றத்தான் இருவரும் அப்படி முட்டி மோதினார்கள். அந்த அன்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

விசைகளின் ஓசை நின்றது.

கதவு சாத்திக்கொண்டது.

திரையில் நான்கு பெட்டிகள் வந்தன. ஒரு நொடி தயங்கி, அவற்றுக்குக் கீழே இன்னும் நான்கு.

இரண்டு வரிசையிலும் ஒரே நேரத்தில் முதல் எழுத்து விழுந்தது. க. இத்தனை வருஷப் பழக்கம், அக்காவின் மனம் தானாகவே கணக்குப் போட்டது. நான்கு எழுத்து, க-வில் தொடங்குகிறது. கண்களா, கழுத்தா. அவன் அவள் தோளில் முகம் புதைத்துக்கொண்டான். அவள் விழிகளை மூடவில்லை. அடுத்த பெட்டியில் எழுத்துக்குக் காத்திருக்கும் சின்னக் கோடு மின்னி மின்னி அணைந்துகொண்டிருக்க, மேசைக்கு அடியிலிருந்து, மணிக்கட்டோடு முடிகிற ஒரு கை மெல்ல எழும்பி, விசைப்பலகையின் மேல் விரல்களைப் பரப்பியது.