அஸருக்குள் வரவேண்டிய விமானம்

விடியற்காலைத் தொழுகைக்குக் கணவரை எழுப்பப் போன சுகைனா, அவர் உடம்பு சில்லிட்டிருப்பதைக் கண்டாள். எட்டு மணிக்குள் டக்கார் நகரின் அந்தச் சின்ன வீடு ஆட்களால் நிறைந்துவிட்டது. மத்தியானத் தொழுகையான லுஹர் முடிந்ததும் அடக்கம் என்று கணவரின் தம்பி மோமர் அறிவித்தபோது, அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"உஸைனு வரட்டும். விடியறப்பவே அவனுக்குத் தகவல் சொல்லியாச்சு."

உஸைனு மூத்த தாரத்து மகன். தாயில்லாத அவனை ஏழு வயதிலிருந்து வளர்த்தவள் சுகைனா. வாப்பாவோடு சண்டையிட்டு அவன் வேறு நாட்டில், லிப்ரவிலுக்குப் போய் ஒன்பது வருஷம். அங்கிருந்து போன் வரும்போதெல்லாம், வாப்பா தூங்குகிறார் என்று அவள்தான் சொல்வாள். சின்னம்மாதான் பிரித்து வைக்கிறாள் என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். அவள் மறுத்ததே இல்லை.

"உயிரோட இருந்தப்ப பேசவிடல. இப்ப மய்யித்தைக் காக்க வைக்கிறீங்களா மதினி?" என்றான் மோமர்.

அவள் நேராக இமாமிடம் போய் நின்றாள். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலே. நேராகப் பறந்தால் நாலரை மணி நேரம்தான். ஆனால் அவனுக்குக் கிடைத்தது வழியில் அபிஜானில் மாறிவரும் விமானம். மூன்றரைக்கு இறங்குவான், வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம். இமாம் யோசித்தார். ஐந்து மணிக்குச் சற்று முன் முடியும் அஸர் தொழுகை வரை பொறுக்கலாம், அதற்கு மேல் முடியாது என்றார்.

ஒரு மணிக்குச் செய்தி வந்தது: அபிஜானில் விமானம் கிளம்ப நாற்பது நிமிடம் தாமதம். அதன்பிறகு சுகைனா கடிகாரத்தைப் பார்ப்பதும் விரலை மடக்கிக் கணக்குப் போடுவதுமாக இருந்தாள். எப்படிக் கூட்டினாலும் கால் மணி நேரம் உதைத்தது.

அஸர் முடிந்தது. மய்யித்து வைத்த சந்தூக்கைத் தூக்க ஆண்கள் குனிந்தார்கள். அவள் அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷம்... பத்தே நிமிஷம்..."

மோமர் அவள் கையை விலக்கப் பார்த்த நேரத்தில்தான் டாக்ஸி வந்து நின்றது.

உஸைனு அவளைத் தாண்டிப் போய் வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் அழுதான். பிறகு திரும்பி, "இப்பவாவது பார்க்க விட்டீங்களே" என்றான்.

இமாமால் பொறுக்க முடியவில்லை.

"மத்தியானமே எடுத்திருப்போம். தடுத்து நிறுத்தினது இவங்கதான். போனை வாங்கமாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சது உன் வாப்பா. நானே மூணு தடவை சொல்லிப் பார்த்தேன், கேக்கல. உன்கிட்ட உண்மையைச் சொல்றேன்னு இவங்ககிட்ட சொன்னேன். 'வேணாம், பிள்ளைக்கு வாப்பா மேல வெறுப்பு வரக்கூடாது, என் மேலயே இருக்கட்டும்'னாங்க."

உஸைனு அப்படியே அவள் முன்னால் உட்கார்ந்து, மடியில் முகம் புதைத்தான்.

"ஏன் சொல்லல சின்னம்மா... ஒன்பது வருஷமா உங்களை என்னென்ன பேசிட்டேன்..."

அவள் அவன் தலையைத் தடவினாள்.

"காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டியாப்பா?"

நேரமாகிறது என்றார் இமாம். மோமர் சந்தூக்கின் முன்பக்கத்திலிருந்து விலகி, அந்த இடத்தை உஸைனுவுக்குக் கொடுத்தான்.