மயில்கழுத்து நிற வாள்கள்

"தண்ணீர் பட்ட வாள் வாளே அல்ல, அது கத்தரிக்காய் அரியும் கருவி!"

ஈரேழு உலகங்களுக்கும் பொருந்தும் இந்த மாபெரும் உண்மையைத் தென்பெண்ணைக் கரையில் நின்று வெளியிட்டவன் முன்னணிப் படையின் இளந்தளபதி கடம்பவேள். மேற்றிசையில் கதிரவன் செங்குழம்பாய்க் கரைந்துகொண்டிருந்தான். கீழ்த்திசையில் முழுமதி எழுந்து, ஆற்று மணலையும் அதற்கப்பால் கருங்குன்றின்மேல் வீற்றிருந்த நெடுங்கல் கோட்டையையும் வெள்ளியில் வார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடியலில் அந்தக் கோட்டை வாயிலுக்குள் முதலில் புகவேண்டியவர்கள் கடம்பவேளின் நாற்பது வாள்வீரர்கள். அவன் அதுவரை கண்ட போர்கள் ஒன்றரை என்பதையும், அந்த அரைப் போர் மழையால் நின்றுபோனது என்பதையும் வாசகர்கள் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. தன்னம்பிக்கைக்கு அனுபவம் எக்காலத்திலும் இடையூறாகவே இருந்திருக்கிறது.

அவனது ஏளனத்துக்கு ஆளானவள், சில நாட்களாகப் பாசறையில் படைக்கலம் தீட்டிவந்த நப்பின்னை என்னும் பெண். அவளுடைய சாணைச் சக்கரத்துக்கு மேலே மூங்கிற்கழியில் ஒரு கலயம் தொங்கியது. அதன் அடித்துளையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாய்க் கல்லின்மீது விழ, கடம்பவேளின் தோழன் எயினன் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துச் சக்கரத்தைச் சுழற்ற, அவள் ஒரு வாளின் விளிம்பைப் பட்டும் படாமலும் சார்த்திக்கொண்டிருந்தாள். பொறி எழவில்லை, மாவரைப்பது போன்ற மெல்லிய முனகல் மட்டுமே கேட்டது.

"இந்த வேகத்தில் தீட்டினால் கோட்டைக்குள் இருப்பவர்கள் மூப்பெய்தித் தாமே மாண்டுபோவார்கள், பெண்ணே!" என்றான் கடம்பவேள்.

"எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, தளபதி," என்றான் எயினன். "வாளைவிட என் தோள்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது."

நப்பின்னை நிமிரவில்லை. "அவசரப்பட்டால் கல் சுடும், தளபதியாரே. கல் சுட்டால்..."

"சுடட்டுமே! நெருப்பில் பிறந்த வாளுக்கு நெருப்பைக் கண்டு அச்சமா? உலர்ந்த கல்லில் தீட்டு. பறக்கிற பொறியைக் கண்டு கோட்டைக் காவலர்கள் நடுங்கவேண்டும்."

"தண்ணீரே இல்லாமலா?"

"துளிகூட இல்லாமல்."

"உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?"

விடையாகக் கடம்பவேள் உறையோடு வாளைச் சுழற்றி வீசினான். கலயம் சில்லுகளாய்ச் சிதறியது. வீரர்கள் ஆரவாரித்தார்கள். நப்பின்னை சில்லுகளைப் பார்த்தாள், கோட்டையைப் பார்த்தாள், பிறகு அவனை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது காதல் என்று கடம்பவேள் முடிவு செய்தான். முழுவதும் தவறென்று சொல்வதற்கில்லை.

"தங்கள் ஆணை," என்றாள் அவள்.

பின்னர் பறந்த பொறிகளை என்னென்பது! சக்கரம் கதறியது, வாள்கள் மளமளவென்று தீட்டப்பட்டன. அவற்றின் விளிம்பில் நீலமும் ஊதாவும் கலந்த சாயல் படர்ந்தது. "மயில்கழுத்து நிறம்!" என்று வீரர்கள் வியந்தார்கள். நிறம் சரியாக ஏறாத வாளுக்கு உரியவர்கள் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள்.

"தங்கள் வாள் கடைசியில்," என்றாள் நப்பின்னை. "உணவருந்திவிட்டு வாருங்கள்."

அவன் திரும்பி வந்தபோது வாள் தயாராயிருந்தது. அவளுடைய மேலாடை முன்றானை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஆற்றில் விழுந்துவிட்டாயா?"

"கால் சறுக்கிவிட்டது."

எயினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கடம்பவேளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கயிற்றைச் சுருட்டினான்.

"என் வாளில் மட்டும் மயில்கழுத்து நிறம் இல்லையே?"

"தங்களுக்கு அலங்காரம் எதற்கு?"

கடம்பவேள் உள்ளம் பூரித்தான். "நாளை வென்றதும் உன்னை என் ஊருக்கு அழைத்துச் செல்வேன், நப்பின்னை."

"நாளைக்குப் பிறகு தாங்கள் என்னை அழைக்க மாட்டீர்கள்," என்றாள் அவள். அதை நாணம் என்று எடுத்துக்கொண்டான்.

விடியலில் அவள் பாசறையில் இல்லை. தேடுவதற்கும் நேரமில்லை. கோட்டைக் கதவு உடைந்தது. நாற்பது வாள்களும் குறுகிய வாயிலுக்குள் பாய்ந்தன. முதல் வீச்சிலேயே, பகைவரின் கேடயங்களில் பட்ட மயில்கழுத்து விளிம்புகள் ஈர ஓலை போல மடிந்தன.

"தளபதி! என் வாள் பகைவனைக் கண்டு வணங்குகிறது!" என்று கூவிச் சிரித்தான் எயினன். அடுத்த கணம் ஒரு வேல் அவன் மார்பில் பாய்ந்தது.

கடம்பவேளின் வாள் மட்டும் கேடயத்தைப் பிளந்தது. அந்த ஒற்றை வாளால் பகைவரைத் தடுத்து நிறுத்தித் தன் வீரர்களை வெளியேற்றினான். தோழனைத் தூக்க அவன் குனிந்தபோது, எயினனின் உதடுகள் அசைந்தன.

"உங்கள் வாளுக்கு மட்டும்... முன்றானையைப் பிழிந்து பிழிந்து தண்ணீர் காட்டினாள், தளபதி. ஆசையில் செய்கிறாள் என்று நினைத்தேன். சொன்னால் நீங்கள் கோபிப்பீர்களே என்று..."

அதற்குமேல் அவன் பேசவில்லை.

"எய்யாதீர்கள்!" என்று மேலிருந்து ஒரு குரல் ஒலித்தது. வாயில் மாடத்தில் கவசமணிந்து நின்றாள் நப்பின்னை. வில்லாளர்கள், "ஆணை, இளவரசி!" என்று வில்லைத் தாழ்த்தினார்கள். நெடுங்கல் சிற்றரசரின் மகள் அவள்!

"நான் வாள்களை எண்ணிப் போகத்தான் வந்தேன், தளபதியாரே! உலர்கல்லின் சூட்டில் வாளின் உரம் போய்விடும்; அவற்றைக் கெடுக்கும் அந்த வழியைத் தாங்களே சொன்னீர்கள். இருமுறை கேட்டேனே!"

வென்றவளின் குரலாக அது இல்லை. கடம்பவேள் எயினனைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தான். ஓர் அம்புகூட அவனைத் தொடரவில்லை. தொடர்ந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

மாலையில் எயினனுக்கு நடுகல் நாட்டக் குழி தோண்டினார்கள். கல்லின் கீழே அவனுடைய வாளை வைப்பது அவர்கள் வழக்கம். எஞ்சிய வீரர்கள் தளபதியைச் சூழ்ந்து நின்றார்கள். இத்தகைய தருணத்தில் வீரர்கள் வாளை உயர்த்திப் பயங்கரமான சபதம் செய்வார்கள் என்பதை அன்பு வாசகர்கள் அறிவீர்கள். அவர்களும் அதற்காகவே காத்திருந்தார்கள்.

கடம்பவேளோ தன் தலைப்பாகையை அவிழ்த்து, ஆற்றில் தோய்த்து வந்து, கலயம் தொங்கிய கழியில் கட்டினான். எயினனின் வாளை எடுத்துக்கொண்டு சக்கரத்தின்முன் அமர்ந்தான். ஒரு வீரன், யாரும் சொல்லாமலே, கயிற்றைப் பற்றினான். ஈரத்துணியிலிருந்து நீர் சொட்டியது. மடிந்த விளிம்பை, நீலம் முழுவதும் தேய்ந்து மறையும்வரை, பட்டும் படாமலும் கல்லில் சார்த்திக்கொண்டேயிருந்தான் கடம்பவேள்.

துணி உலர்ந்தபோதெல்லாம் அவனே எழுந்து போய் நனைத்து வந்தான்.