பேயைக் காயப்படுத்தும் விதிகள்

சாமின் ஈயக்குண்டு மட்டும் நனைந்திருந்தது.

ஆட்டத்துக்குப் பொம்மைகள் கிடைக்காததால் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளுக்கு நெயில்பாலிஷ் தடவி வீரர்களாக்கியிருந்தார்கள். தானியேலுக்குச் சிவப்பு, ஜமுனாவுக்குப் பச்சை, சாமுக்கு நீலம். மூன்றும் ஒரே டப்பாவில்தான் கிடந்தன. விமல் நீலத்தை லுங்கியில் துடைத்து, தரையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் வைத்தான். விரலை முகர்ந்தான். ஏரிச்சேறு.

ஐப்பசி மழை மாலை நான்கு மணிக்கே லைட்ஹவுஸ் குப்பத்தை இருட்டாக்கியிருந்தது; கரண்டும் இல்லை. விமலின் தம்பி சாம், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்துபோய் பத்தொன்பது நாள். உடல் கிடைக்கவில்லை. அம்மா பிலோமினா அடுப்படியைவிட்டு வெளியே வருவதில்லை. விமல் மட்டும் தம்பிக்கு ஒரு மகத்தான அஞ்சலியைத் திட்டமிட்டிருந்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பக்க விதிப்புத்தகத்தை ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் நண்பர்களுக்குப் பகடைச் சண்டை நடத்தும் நடுவர் அவன். தனக்கும் உயர்நீதிமன்ற நீதிபதிக்கும் அங்கி ஒன்றுதான் வித்தியாசம் என்று நம்புகிறவன். சாம் ஆடிவந்த வீரன் இனி ஆட்டத்தில் பேய். உயிர்ப்புள்ளி இருபத்தைந்து. நண்பர்கள் அதைப் பூஜ்யமாக்கினால் அவனுக்கு விடுதலை. எல்லாம் விதிப்படி.

"செத்தவனை மறுபடி சாவடிக்கணும். இன்னா அஞ்சலிடா இது," என்றான் தானியேல்.

"உருட்டு."

இருபது முகப் பகடையில் பதினெட்டு விழுந்தது. "வெட்டிட்டேன்."

"சாதா கத்தி பேய்மேல படாது. பக்கம் நூத்தி நாப்பது. வெள்ளி, மந்திரிச்சது, நெருப்பு, மூணுதான் படும். அதுலயும் நெருப்பு பாதிதான்."

"அப்ப என் கத்தி வெள்ளினு எழுதிக்கோ. எங்கம்மா கொலுசை உருக்கினது."

விமல் கண்ணை மூடி யோசித்து, பெருந்தன்மையுடன் அனுமதித்தான். காயத்துக்கு உருட்டிய பகடையில் ஒன்பது; ஒன்பது புள்ளி கழிந்தது.

கொல்லைப்புறத்தில் ஏதோ முனகியது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்கும், காயாமல் ஊறிப்போன கருவாட்டின் வாடைக்கும், மெழுகுவத்தி சுவரில் ஆட்டிக்கொண்டிருந்த மூன்று தலைகளின் நிழலுக்கும் அடியில் எங்கிருந்தோ, மூக்கடைத்துக் காய்ச்சலில் கிடக்கும் சிறுபிள்ளையின் குரல்போல அது வந்தது.

"நாயா இருக்கும்," என்றாள் ஜமுனா. யாரும் எழுந்து பார்க்கவில்லை.

தானியேல் சிரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி உருட்டினான். பட்டது. காயம் எட்டு.

"அண்ணே," என்றது வெளியே.

மெழுகுவத்தி அசையாமல் நின்றது. விமலின் முதுகில் ஈரம். அவனை அண்ணே என்று கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

"ஆட்டத்தை நிறுத்திடலாம்டா," தானியேல் குண்டுகளைத் தள்ளினான்.

"நிறுத்தினா? அடிபட்டது அடிபட்டதுதானே. எட்டுதான் மிச்சம். அப்படியே விட்டுட்டுப் போறதா?" விமலின் குரல் கிறீச்சிட்டது. "ஜமுனா, ஆட்டத்துல நீதானே வைத்தியக்காரி. அவனுக்குக் குணமாக்கு."

"பேய்க்கா?"

"உருட்டுனு சொல்றேன்ல."

அவள் உருட்டினாள். பகடை வரைபடத்தின் ஓரம் வரை ஓடி நின்றது. ஆறு.

நின்ற பிறகுதான் விமலுக்கு நினைவு வந்தது. பக்கம் நூற்று நாற்பத்தொன்று. விதிப்புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்தவன், சாமிடமே பத்துத் தடவை கத்தியிருப்பான்: *உசுரோட இருக்கிறவனுக்குத்தான்டா மருந்து. பேய்க்கு அது வெட்டு.*

வெளியே அலறல்.

மிச்சம் இரண்டு.

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். "வந்துட்டியா நைனா," என்றாள் பிலோமினா. பத்தொன்பது நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

விமல் ஓடினான். பின்கதவு திறந்து கிடந்தது. மழை. சேறு. வலைக்குவியலுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தலை. முடியில் ஏரிப்பாசி. மாதா கோயிலில் மந்திரித்து வாங்கி வைத்திருந்த எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, நெற்றியில் சிலுவை போட்டாள். போட்ட இடம் ஈர உப்பாகக் கரைந்தது. கன்னத்தைத் தடவினாள். கன்னம் போயிற்று. மிச்சமிருந்த வாய் அகலத் திறந்து அலறியது.

"தொடாதம்மா. அவனுக்கு வலிக்குது."

"ஏங்கிப்போய் வந்திருக்கான்டா," என்றாள் அவள், திரும்பாமல். "அழாதே கண்ணு. அம்மா இருக்கேன்ல."

இரண்டு புள்ளி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பாதி முகம் போன பிறகும் அது அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவளும் விடுவதாக இல்லை. கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, அலறலுக்குத் தாளமாகத் தொடையை ஆட்டியபடி, கண் இருந்த இடத்தை மெல்லத் தடவத் தொடங்கினாள்.