நூற்று நாற்பத்து மூன்றாவது தாள்

எம்.எல்.ஏ. நவநீதகிருஷ்ணன் ஒரு வீட்டுக்கு வருகிறார் என்றால் முன்னால் ஒரு சுமோ, பின்னால் ஒரு சுமோ என்றுதான் கோவில்பட்டிக்குப் பழக்கம். 2001 ஏப்ரலில் ஒரு காலை, மனுசன் ஆட்டோவில் வந்து இறங்கினார். துண்டால் பாதி முகத்தை மறைத்திருந்தார்.

வந்தது அபுதாஹிர் வீட்டுக்கு. மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே போலீசாக முப்பது வருடம் கள்ளன்களைப் பிடித்து ஓய்வு பெற்றவர் அவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் அச்சகம் வைத்திருக்கும் ராமசுப்பு. எம்.எல்.ஏ.யின் இரண்டு தேர்தலுக்கும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர். பாய் ஒரு வழக்கைக் கையில் எடுத்தால் ராமசுப்புக்குச் சோறு தண்ணீர் இறங்காது. கூடவே அலைவார்.

"பாய், என் வீட்டுக்குள்ளயே கள்ளன் இருக்கான்" என்றார் நவநீதகிருஷ்ணன். "நேத்து ஊசிமேட்டுப்பட்டிக்கு ஓட்டுக் கேட்டுப் போனேன். நான் பொண்ணெடுத்த ஊரு. ஆரத்தி எடுப்பாவன்னு பாத்தா, வார்டு மெம்பர் முப்பிடாதி ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டி, 'இது என்ன மாப்ளே?'ன்னு கேக்குதா."

பைக்குள் இருந்தது ஊர் கொடுத்த குடிதண்ணீர் மனு. 1996-இல் இரண்டாம் முறை ஜெயித்த வாரத்தில், வீட்டுக்கு ஒரு தாளாக எழுதிக் கொடுத்தது. அதைக் கலெக்டர் கையிலேயே சேர்த்துவிட்டதாக ஐந்து வருடமாக மேடைக்கு மேடை முழங்கியிருந்தார். ராமசுப்பும் அதைக் கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்.

"அப்போ கலெக்டர்ட்ட குடுக்கலையா?" என்றார் பாய்.

"நகல் குடுத்தேன். ஒவ்வொரு தாளாப் படிச்சு, நகல் எடுத்து, நானே கொண்டுபோய்க் குடுத்தேன். அசலு படுக்கையறை பீரோவுல இருந்துச்சு. பூட்டு உடையல. சாவி என் வீட்டுக்காரி பூங்கொடிகிட்ட இருக்கும், கருத்தையாவும் வாங்கித் திறப்பான். நாளான்னைக்கு கட்சி லிஸ்ட் வருது. அதுக்குள்ள கள்ளனைக் காட்டலன்னா எனக்கு சீட்டு இல்ல."

கருத்தையா பன்னிரண்டு வருடமாக அவருக்கு உதவியாளர். போன உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலர் சீட்டுக் கேட்டுக் கிடைக்காதவர்.

"பெறகென்ன, அவன்தான்!" என்று துள்ளி எழுந்தார் ராமசுப்பு.

அதோடு விட்டாரா? பத்து மணிக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில், நாற்பது கட்சிக்காரர்கள் பார்க்க, கருத்தையாவின் சட்டையைப் பிடித்து, "தின்ன வீட்டுலயே திருடுனியாலே!" என்று கத்தினார். கருத்தையா அறுந்து விழுந்த பொத்தானைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"கையை எடும் வேய்" என்றார் பின்னாலேயே வந்த பாய். "மொதல்ல பையைப் பாப்போம்."

புதூர் பக்கம் போகிற பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊசிமேட்டுப்பட்டியில் ஆள் நடமாட்டத்தைவிடக் குடங்கள்தான் அதிகம். காய்ந்த அடிபம்பிலிருந்து ரோடு வரைக்கும் லாரித் தண்ணிக்காக வரிசையில் நின்றன.

முப்பிடாதி பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினாள். "வியாழக்கெழம பஸ் கண்டக்டர் குடுத்துட்டுப் போனாரு. டவுன்ல யாரோ ஏத்திவிட்டாவளாம். நீங்களே பாருங்க."

பாய் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் கைநாட்டு. பெரும்பாலும் சிவப்பு, நடுநடுவே கறுப்பு.

"மை ஒத்துற டப்பா ஊருல ஏது?" என்றாள் முப்பிடாதி. "குங்குமத்தை எண்ணெயில கொழச்சு வச்சோம். தாலியறுத்தவிய குங்குமத்தைத் தொட மாட்டாவ. அவியளுக்கு வெளக்குக் கரி."

எண்ணெய் ஊறித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்திருக்கின்றன. பிரித்த இடமெல்லாம் மேல்தோல் உரிந்து பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் பழுப்பு. பாய் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கா?"

"நூத்தி நாப்பத்தி மூணு வீடு. ஒரு தாளு கொறையுது. சீனியம்மாவோடது. அவ செத்து ரெண்டு வருசமாச்சு."

"அவளுக்கு யாரு இருக்கா?"

"ஒத்தை மக. டவுன்ல வாக்கப்பட்டிருக்கா." முப்பிடாதி பேச்சை மாற்றி, சாட்சிக்கென்று நான்கைந்து தாள்களை மட்டும் உருவி பாயிடம் கொடுத்தாள்.

"செத்தவ தாளு இருந்தா என்ன, போனா என்ன?" என்றார் பஸ்ஸில் ராமசுப்பு. பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் எம்.எல்.ஏ. வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். வாசலில் கட்சிக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி" என்றார் பாய். "தாள்ல இருந்த கைநாட்டு என்ன நெறம்?"

"இதென்ன கேள்வி? ஸ்டாம்பு மை நெறம்தான். நீலம்."

பாய் அந்த நான்கைந்து தாள்களை மேசைமேல் பரப்பினார். சிவப்பையும் கறுப்பையும் பார்த்த நவநீதகிருஷ்ணன் ஒரு தாளைப் புரட்டி மறுபக்கம் தேடினார்.

"இதை மறக்கவும் முடியாது, நீலம்னு நெனைக்கவும் முடியாது. இந்தா, ஒட்டுனதைப் பிரிச்ச வெள்ளை. அஞ்சு வருசத்துக்கு முன்ன பிரிச்சிருந்தா இதுவும் பழுத்திருக்கும். பிரிச்சு ஒரு வாரம் இருக்கும். நீங்க இதைப் படிக்கவும் இல்ல, நகல் எடுக்கவும் இல்ல."

ராமசுப்புக்குக் காது சுட்டது. கொட்டை எழுத்தில் அடித்தது அவர் கைதானே.

"சரி, எடுத்தது யாரு? சீட்டுக்காக எடுக்கவன் எதிர்கோஷ்டி கையில குடுப்பான், ஊருக்குத் திருப்பி அனுப்ப மாட்டான். அதுலயும் ஒரே ஒரு தாளை மட்டும், செத்துப்போன ஒரு பொம்பளையோட கைநாட்டை, தனக்குன்னு வச்சுக்கிடுத கள்ளன் உண்டா? கருத்தையாவுக்குச் சீனியம்மா யாரு?"

"எனக்கு அம்மா" என்றாள் பூங்கொடி. அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கையில் நான்காக மடித்த தாள் இருந்தது. பிரித்தபோது நடுவில் ஒரு கறுப்புப் பெருவிரல்.

"சாகுறதுக்கு மொத நாளு கேட்டா, 'மாப்ளை மனுவைப் பாத்தாவளாட்டி?'ன்னு. பாத்தாவ, கலெக்டர்ட்ட குடுத்துட்டாவன்னு சொன்னேன். நீங்க மேடையில சொன்னதை நம்பிச் சொன்னேன். போன வாரம் பட்டுச்சேலை எடுக்கப் பீரோவைத் துழாவுதேன், பை கையில தட்டுது. ஊருல போட்ட முடிச்சு அவுக்காம அப்படியே கெடக்கு. சாகக் கெடந்தவகிட்டப் பொய் சொல்ல வச்சிட்டீங்களே! எம் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கட்டும்?"

அப்போது கருத்தையா தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, நான் எடுத்ததாவே இருக்கட்டும். காலையிலயே நாப்பது பேரு கேட்டாச்சு. எம்பேரு கெட்டது கெட்டாச்சு. உங்க சீட்டாவது தப்பும்."

நவநீதகிருஷ்ணன் வேண்டாம் என்று சொல்வார் என எல்லாரும் பார்த்தார்கள். அவர் முகத்தில் பாழாய்ப்போன ஒரு தெளிவுதான் வந்தது. "நல்லதுலே. எலெக்ஷன் முடியட்டும், உன்னை நான் பாத்துக்கிடுதேன். ராமசுப்பு, ராவோட ராவா ஒரு நோட்டீஸ் அடிச்சிரு."

பூங்கொடி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ராமசுப்புக்குத் தரையைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. காலையில் தான் துள்ளிய துள்ளல் நினைவுக்கு வந்தது. சே, இதுவும் ஒரு பிழைப்பா?

"அடிக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றார். விறுவிறுவென்று போய் வாசல் கதவை விரியத் திறந்தார்.

"ஏய், எல்லாரும் கேட்டுக்கிடுங்கப்பா. கருத்தையா கள்ளன் இல்ல. காலையில நான் சொன்னது தப்பு. அவன் சட்டையைப் பிடிச்சது அதைவிடத் தப்பு."

கூட்டம் எட்டிப் பார்த்தது. "அப்போ மனு இத்தனை நாளு எங்கதான் இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

ராமசுப்பு உள்ளே திரும்பினார். பாய் திரும்பினார், கருத்தையா திரும்பினார். நாற்பது பேரும் நவநீதகிருஷ்ணனையே பார்த்தார்கள். பத்து வருடம் மேடையில் தடுமாறாத மனுசன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பூங்கொடியின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவள் இன்னும் முகத்திலிருந்து சேலையை எடுக்கவில்லை.

"என் பீரோவுலதான்" என்றார், பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில். "அஞ்சு வருசமா நான் அதைத் திறக்கவே இல்ல."

கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றது கூட்டம். அவர் இன்னொரு தடவை சொன்னார்.