கால் அமுக்கச் சொன்ன கோமகன்

"எப்பா, செத்துப்போன ராசாவுக்கு எதுக்கு வேலைக்காரன்?" என்று காசியின் மகள் கோமதித்தாய் ஒருமுறை கேட்டாள். விசைத்தறி நின்றுபோய், அவன் ஆடித்தபசுப் பொருட்காட்சியில் கூலிக்குச் சேர்ந்த அன்று அது. காசி சிரித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினான்.

எழுபத்தெட்டாம் வருஷம். திடலில் ராட்டினத்துக்குப் பின்னால் பொன்னுச்சாமியின் கொட்டகை. ரங்கூனில் இருந்தபோது ஒரு சீனக் கடைக்காரரிடம் கேட்ட கதையைத்தான் அவர் காட்சியாக வைத்திருந்தார். நடுவே ஒரு குழி. அதற்குள் களிமண்ணில் செய்த சீன ராசா படுத்திருந்தார். தலைமாட்டில் மூன்று களிமண் வேலைக்காரர்கள் கைகட்டிக் குந்தியிருந்தார்கள். ராசாவின் காலடியில் உயிரோடு படுத்துக்கிடப்பது காசியின் வேலை. மேலே பலகை, பலகைமேல் மணல், மூச்சுக்கு ஒரு மூங்கில் குழாய். கூட்டம் அதைப் பார்க்கத்தான் வந்தது.

பொன்னுச்சாமி மைக்கைப் பிடித்தால் ராசாவின் மானம் போகும்.

"சீனாவுல ‘சின்’னு ஒரு நாடு, அதுக்குப் பெரிய பிரபு இவரு. பேரு ‘மூ’. இவரு குதிரையக் காட்டு ஜனம் அடிச்சுத் தின்னுட்டு. இவரு கோவப்படலையாம். குதிரைக்கறி தின்னா மேல சாராயம் குடிக்கணும், இல்லாட்டி உடம்புக்கு ஆகாதுன்னு ஊத்திக் குடுத்தாரு. பொறவு சண்டையில மாட்டுனப்ப அந்த ஜனந்தான் வந்து காப்பாத்துச்சு. நல்ல மனுசன்னு நினைக்கியளா? செத்த அன்னைக்கு நூத்தி எழுபத்தேழு பேர கூடவே குழிக்குள்ள கூட்டிட்டுப் போனாரு. அதுல இந்த மூணு பேரும் அண்ணன் தம்பி, நாட்டுக்கே நல்ல பிள்ளைய. பொணத்துக்குக் கால் அமுக்க ஆளு வேணுமாம்யா."

கூட்டம் சிரித்தது. சிரிக்க வேண்டியதுதான். ஒரு குவளைச் சாராயத்தால் அத்தனை பேரின் அன்பைச் சம்பாதித்தவனுக்கு, "நீங்க வீட்டுக்குப் போங்க" என்ற ஒரு சொல் சாகும்போது வாயில் வரவில்லை. அவனெல்லாம் ஒரு ராசா.

முதல் நாள், மணல் விழும் சத்தம் நின்றதும் இருட்டு முகத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. ஈரக் களிமண் வாடை. அதற்கடியில், வெகுகாலம் பூட்டிக்கிடந்த பட்டுத்துணியின் மக்கல் வாடை. சங்கரலிங்கசாமியை நினைத்தபடி காசி அசையாமல் கிடந்தான்.

இன்னொரு மூச்சு கேட்டது.

மெதுவான, சௌகரியமான மூச்சு. யாருக்காகவும் காத்திருந்து பழகாதவரின் மூச்சு.

"காலைப் பிடி."

காசியின் கை அவனைக் கேட்காமலே நீண்டது. களிமண் பாதத்தை அமுக்கியது.

பாதம் வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் நேரே பொன்னுச்சாமியிடம் போனான். "அண்ணாச்சி, உள்ள யாரோ இருக்காவ."

"ராசா இருக்காரு. கால் அமுக்கச் சொன்னாரோ?" பொன்னுச்சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "அமுக்குலே. கூலிய அவருகிட்டயே வாங்கிக்க."

வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மறுநாள் மதியக் காட்சிக்குக் காசி மறுபடியும் இறங்கினான்.

"இனி மேலே போகாதே," என்றது குரல். "இங்கேயே இரு."

ஒரு உள்ளங்கை மூங்கில் குழாயின் வாயை அடைத்தது.

உள்பக்கமிருந்து.

காசி கத்தினான். அவன் கத்தியது அவன் காதுக்கே கேட்கவில்லை. நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. இனி மகளைப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்த அந்த நொடியில், முதுகுக்கடியில் கைகள் நுழைந்தன. குளிர்ந்த, சொரசொரப்பான கைகள். ஒன்றிரண்டு அல்ல.

அவை அவனைப் பிடித்துவைக்கவில்லை. தூக்கின.

பலகை மேலே எழும்பியது. மணல் சரிய, வெயில் கண்ணில் அறைந்தது. இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று கூட்டம் கைதட்டியது.

"யாருலே பலகையத் தூக்குனது? நாலு ஆளு வேணுமே அதுக்கு," என்றபடி குழியை எட்டிப் பார்த்த பொன்னுச்சாமியின் சிரிப்பு அடங்கிப்போனது.

குந்தியிருந்த மூன்று வேலைக்காரர்களும் ராசாவின் மார்பிலும் கைகளிலும் கவிழ்ந்து, அவரை அழுத்திக் கிடந்தார்கள். அவர்களுடைய உள்ளங்கைகள் எல்லாம் நொறுங்கியிருந்தன.

அன்றே குழியை அப்படியே மூடி, கொட்டகையைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு பொன்னுச்சாமி அந்தக் கதையைச் சொன்னதில்லை.

அடுத்த அமாவாசை. உச்சி வெயிலில் திடல் வெறிச்சோடிக் கிடந்தது. காசி குளித்துவிட்டு, செம்பில் தண்ணீரும் எள்ளுமாகத் தனியாக வந்தான். மூடிய குழியின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணன்மாரே, உங்க பேரு எனக்குத் தெரியல. தண்ணி குடுக்க உங்களுக்கு யாரும் இருக்காவளான்னும் தெரியல. நான் தாரேன்."

மூன்று முறை கையிலிருந்து எள்ளுத்தண்ணீர் சரிந்தது. மூன்று முறையும் மணலில் ஈரம் படவில்லை.

பிறகு மண்ணுக்கடியிலிருந்து கேட்டது.

"எனக்கு?"

காசியின் கை நீளப் பார்த்தது. அதை மடக்கி இழுத்துக்கொண்டான். தாகம் யாருக்கும் தாகம்தான் என்று மிச்சத் தண்ணீரோடு செம்பை மணல்மேல் வைத்தான்.

"இந்தா வச்சிருக்கேன். நீரே எடுத்துக் குடியும் வே."

திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

மறுநாள் செம்பை எடுக்கப் போனபோது தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. செம்பைச் சுற்றிலும் ஈரக் களிமண் விரல் தடங்கள் மட்டும், தொட்டுத் தொட்டு, எடுக்கத் தெரியாமல் திரும்பியிருந்தன.