குழிக்குள் கிடைத்த பிள்ளையார்

வேலையிலிருந்து மத்தியானமே சீமையிலுள்ள தன் கோலியர்ஸ் வுட் வீட்டுக்கு வந்த கனகலிங்கம், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சாமியறைக்குள் எட்டிப் பார்த்தார். காலையில் வைத்த பால் இன்றைக்கும் ஒரு சொட்டு இல்லை.

சமையலறையைப் பெருப்பிக்கப் பின்வளவில் அத்திவாரம் வெட்டியபோது கிடைத்த கல் அது. தொந்தியும் துதிக்கையுமாய், பார்த்தவுடன் பிள்ளையார்தான். பக்கத்தில் கிடந்த எலும்புகளை, நாயின் எலும்பாக்கும் என்று அவரே அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டார். மனைவி ராஜலட்சுமி பொட்டு வைத்துப் பால் படைத்தாள். மகள் கீர்த்திகா பிள்ளை பெற்று வந்திருக்கிற நேரம் சாமி தானாய் வந்திருக்கிறாரே! மனுசிக்குச் சந்தோசம் சொல்லி மாளாது.

மேலறையில் வாடகைக்கு இருந்த பியற்றிஸ்தான் குறுக்கே விழுந்தாள். அவளுக்கு நூதனசாலையில் பழம்பொருட்களை ஆராய்கிற வேலை.

“அண்ணை, உது சாமியில்லை. கெல்டியர் எண்ட இங்கத்தைப் பழைய சனத்துக்கும் எத்தினையோ ஆயிரம் வருசம் முந்தி, இந்த நாடு தீவாக முந்தி, காலாலை நடந்து வந்த சனத்தின்ரை கல். செத்த ஆள் எழும்பி நடவாமல் இருக்க அதோடை தாட்டிருப்பினம். எடுத்த இடத்திலை வையுங்கோ.”

எலும்பைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறாளே! கல்லில் கண் வைத்துவிட்டாள், அதுதான் பாலைக் கொட்டிப் பயம் காட்டுகிறாள். இன்றைக்கு விடுவதில்லை என்று மாடியேறினார்.

“உம்மடை விளையாட்டு என்னட்டைச் சரிவராது. இண்டைக்கே வெளிக்கிடும்.”

பியற்றிஸ் பெட்டியைக் கட்டினாள். வாசலில் மட்டும் ஒரு கணம் நின்றாள்.

“பிள்ளையைத் தனிய விடாதேங்கோ, அண்ணை.”

திமிரைப் பார் என்று கதவைச் சாத்தினார்.

ராஜலட்சுமி புதுப்பால் வைத்தாள். கனகலிங்கம் சாமியறையைப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அங்கேயே கதிரை போட்டு உட்கார்ந்தார்.

கால் மணித்தியாலம் போயிருக்கும்.

உள்ளே நக்கிக் குடிக்கும் சத்தம்.

திறந்தார். ஒருவருமில்லை. கிண்ணம் காலி. ஈரமண்ணும் விறகுப் புகையும் மணத்தன.

ஐயோ, பியற்றிஸையா சந்தேகப்பட்டேன்!

“குழந்தை எங்கை?” என்று மனைவியைக் கேட்டார்.

“முன்னறையிலை நித்திரையப்பா. கீர்த்திகா குளிக்கிறாள்.”

விழுந்தடித்து ஓடினார். தொட்டிலில் முப்பத்தொரு நாள் பேத்தி கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தாள். மூச்சு வந்தது. கை அசைந்தது. அப்பாடா என்று சுற்றியிருந்த துணியை விலக்கினார்.

உள்ளங்கால்கள் இரண்டும் காய்த்து வெடித்திருந்தன, ஆயுள் முழுக்க வெறுங்காலோடு நடந்த கிழவிக்குப் போல. வெடிப்புக்குள் சேறு இன்னும் காயவில்லை.