இருட்டறை ஜன்னலில் ஒரு பூச்சி

பெட்டிக்குள் ஹெட்மாஸ்டர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த இலை ஒன்பது, மிளகு இரண்டு, புள்ளிச்சட்டை ஏழு.

எழுதி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நான்கு, ஒன்பது, இரண்டு, ஏழு. அவன் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் தொலைபேசி எண்ணில் கடைசி நான்கும் அதேதான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை வாயால் சொல்லும் எண். போன வருடம் இதே ஒன்பதாம் தேதி, இதே நோட்டில், இதே வரிசையில் அதை எழுதியவனும் அவன்தான். அன்றைக்கு அவன் எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்கவில்லை.

பூச்சிகள் ஒண்டியிருந்த முட்டை அட்டைகளை மறுபடி எடுத்து எண்ணினான். மூன்றாவது தடவையும் எண்ணினான். காலை வெயிலில் அட்டையின் ஈர வாசனையும் இறகுத்தூளின் நெடியும் கலந்து தும்மல் வந்தது. ஹெட்மாஸ்டர்கள் நால்வரும் தும்மலுக்கு அசையவில்லை. தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.

பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவள் அக்கா. சாம்பல் நிறத்தில், கழுத்தில் மப்ளர் சுற்றியதுபோல ரோமம் வைத்துக்கொண்டு, தொட்டால் பறக்காமல் கோபித்துக்கொண்டு நடந்து போகும் அந்துப்பூச்சிக்குப் பூச்சிக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் பட்டியலில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருடம் குப்பி கழுவி ஓய்வு பெற்ற அக்காவுக்கு அது ஹெட்மாஸ்டர். பழைய கோபத்தையெல்லாம் இப்படித்தான் தீர்த்துக்கொண்டாள்.

விளக்குப் பொறி பின்முற்றத்தின் நடுவில் இருந்தது. ஒரு மரப்பெட்டி, அதன் வாயில் புனல், புனலுக்கு மேல் கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கு. ராத்திரி வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் புனல் வழியாக உள்ளே விழுந்து முட்டை அட்டைகளின் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். காலையில் அட்டை அட்டையாக எடுத்து, இன்னது இத்தனை என்று எழுதிவிட்டு, செடி மறைவில் விட்டுவிட வேண்டும். முற்றத்துக்கு மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சுவர், நாலாவது பக்கம் வீடு. வீட்டுக்குள் போக ஒரே கதவு, அதுவும் தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும் கதவு. வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். கதவை ஒட்டி அவன் அறையின் ஜன்னல். விளக்கின் சுவிட்ச் அவனுடைய கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. வினையே அங்கேதான் தொடங்கியது.

போன கோடையில் அக்காவுக்கு நெஞ்சைப் பிளந்து அறுவை செய்தார்கள். முன்னறைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, கோடை முடியற வரைக்கும் நீ பாத்துக்கடா. பன்னண்டு வருஷமா ஒரு நாள் விட்டதில்ல. எதுவும் வரலைன்னா பூஜ்யம்னு எழுது, கூச்சப்படாத. பூஜ்யமும் கணக்குதான்."

"சரிக்கா, நான் பாத்துக்கறேன். நீ பேசாம படு."

அதுவரை அக்கா படுத்த பின்னறைக்கு அவன் மாறி, முதல் ராத்திரி விளக்கைப் போட்டான். திரைச்சீலையைத் தாண்டி வெள்ளை வெளிச்சம் கண்ணுக்குள் குத்தியது, விளக்கு ஙொய் என்று விடிய விடிய முனகியது. பத்து மணி நேரம் கவுண்டரில் நின்ற கால்கள் விண் விண் என்று தெறித்தன. மறுநாள் ராத்திரி கையை நீட்டி சுவிட்சை அணைத்தான். தூக்கம் அருமையாக வந்தது. காலையில் அக்கா ஆவலாக "எத்தனைடா?" என்று கேட்டபோது அந்த முகத்தைப் பார்த்துப் பூஜ்யம் என்று சொல்ல வாய் வரவில்லை. கடை நம்பரைச் சொன்னான். அதன் பிறகு வெட்கம் விட்டுப்போயிற்று. பஸ் நம்பர், கதவு நம்பர், மாத்திரை அட்டையில் அச்சடித்த தேதி என்று எது கைக்கு வந்ததோ அதையெல்லாம் பூச்சியாக்கினான். அவள் தலையணையில் சாய்ந்தபடி சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளை அவன் கொன்றான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனுக்கு மட்டும் தெரியும்.

இந்த வருடம் கணக்கெடுப்பு அலுவலகத்து மேடம் போன் செய்து, "உங்க அக்காவோட கடைசி ரெண்டு வாரக் கணக்கு எங்களுக்கு ரொம்ப முக்கியங்க. ஒப்பிட்டுப் பாக்கணும். அதே நாட்கள்ல, ஒம்பதுலேருந்து இருபத்திரண்டு வரைக்கும் நீங்க போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஏது முகம்? இந்தத் தடவையாவது ஒழுங்காகச் செய்வோம், அக்காவுக்குச் செய்ததாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டான்.

பத்தாம் தேதியும் எண்கள் பொருந்தின.

பதினொன்றாம் தேதி ராத்திரி அவன் விளக்கைப் போடவே இல்லை. புனலின் வாயை ஒரு தட்டால் மூடி, தட்டின் மேல் செங்கல்லை வைத்துவிட்டுப் படுத்தான். காலையில் செங்கல் வைத்தபடியே இருந்தது. தட்டை எடுத்து, புனலை எடுத்து, முதல் அட்டையைத் தூக்கினான். குழிக்கு ஒன்றாகப் பூச்சிகள் இறகு மடித்து உட்கார்ந்திருந்தன. காய்ந்த இலை பதினேழு, புள்ளிச்சட்டை மூன்று. பதினேழு மூன்று, அவன் கடைக்குப் போகும் பஸ்.

அதற்குப் பிறகு அவன் தினமும் விளக்கைப் போட்டான். போடாத ராத்திரியின் இருட்டைவிட அந்த வெளிச்சம் தேவலை என்றிருந்தது. காலையில் பெட்டியைத் திறக்குமுன்பே நோட்டின் பழைய பக்கத்தைப் பார்த்து எண்ணைத் தெரிந்துகொள்வான், பிறகு எண்ணுவான், சரியாக இருக்கும். கடையில் ஒரே மாத்திரை அட்டையை மூன்று தடவை எண்ணினான். முதலாளி, "என்னப்பா, உடம்புக்கு முடியலையா?" என்றார். அவன் பயந்தது இந்தப் பூச்சிகளுக்கு அல்ல. பொய் எழுதிய பக்கங்கள் ஒவ்வொன்றாக மெய்யாகிக்கொண்டு வந்தால், அவை முடிந்த பிறகு நோட்டில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பக்கம். அவன் எழுதாத பக்கம். அவன் கிழித்த பக்கம்.

இருபத்திரண்டாம் தேதி காலை, கடைசி அட்டையின் அடியில் பச்சை இருந்தது.

உள்ளங்கை அகலம், இளம்பச்சை, பின்னிறகில் இரண்டு நீள வால்கள். பன்னிரண்டு வருடத்தில் அக்கா அதை ஒரே ஒரு தடவை, அதுவும் பறந்து போகும்போதுதான் பார்த்திருந்தாள். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் "பச்சை வந்துச்சாடா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. போன வருடம் இதே காலையில், கடைக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில், அவன் "வந்துச்சு" என்று சொல்லிவிட்டான்.

"வால் ரெண்டும் முழுசா இருந்துச்சா?"

"இடது வால் பாதி உடைஞ்சிருந்துச்சு." பொய்யில் ஒரு கீறல் இருந்தால் நம்புவாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா அழுதுவிட்டாள். "என்கிட்ட காட்டியிருக்கக் கூடாதாடா பாவி? சரி போ, வந்த இடத்துக்கு மறுபடி வரும்."

அன்று ராத்திரி அவன் தூங்கிய பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போயிருக்கிறாள். விடிந்து அவன் பார்த்தபோது பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் நோட்டுடன் இருந்தாள். உடம்பு குளிர்ந்து போயிருந்தது. வந்தவர்களெல்லாம், பூச்சி மேல் அப்படி ஓர் உயிர் என்று உச்சுக்கொட்டினார்கள். டாக்டருக்குப் போன் செய்வதற்கு முன்பே அவன் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. அதில் அவள் கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: இரவு 11, விளக்கு எரியவில்லை, 0. இரவு 12, 0. ஒரு மணி, 0. இரண்டு மணி, 0.

இப்போது அட்டையில் பச்சை ஒரு தடவை இறகை விரித்து மூடியது. இடது வால் பாதியில் முடிந்திருந்தது.

அவன் அங்கேயே உட்கார்ந்து மேடத்துக்குப் போன் போட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போட்டான்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும். இந்த ரெண்டு வாரமும் போன வருஷத்து நம்பரே வருது. ஒண்ணு கூட மாறல."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஏங்க, போன வருஷத்தைப் பாத்துக் காப்பியடிச்சுட்டீங்களா? உங்க அக்கா கேட்டா அடிக்க வந்துடுவாங்க. அவங்க கணக்குல அப்பப்ப பூஜ்யம் இருக்கும், அதுலயே தெரியும் எவ்வளவு நேர்மைன்னு. அந்தக் கடைசி ரெண்டு வாரம் மட்டுந்தான் ஒரு பூஜ்யம் கூட இல்ல. நல்ல சீசன் போல."

"ஆமாங்க," என்றான். "நல்ல சீசன்."

போனை வைத்தபோது அவன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம். இன்று ராத்திரி கழியட்டும்.

அன்று ஒன்பது மணிக்கே விளக்கைப் போட்டுவிட்டு, அறை விளக்கை அணைத்துக் கட்டிலில் உட்கார்ந்தான். முற்றம் முழுக்க வெள்ளை வெளிச்சம் நிரம்பி, சுவரின் ஒவ்வொரு விரிசலும் தெரிந்தது. பெட்டியைச் சுற்றி இறகுகள் சுழன்று சுழன்று தரையில் பெரிய பெரிய நிழல்களை ஓட்டின. சூடேறிய பல்பிலிருந்து கருகிய தூசியின் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஙொய் என்ற முனகல், நிற்காமல். பத்தரை ஆயிற்று. சுழன்றுகொண்டிருந்த பூச்சிகள் குறைந்தன. பத்து. ஐந்து. பிறகு ஒன்றுமில்லை. விளக்கு மட்டும் தனியாக எரிந்தது.

பதினொன்று.

டொக்.

ஜன்னல் கண்ணாடியில். மெதுவாக.

டொக், டொக்.

போன வருடமும் இதைக் கேட்டான். இதுதான் அவன் இந்த ஒரு வருடமாக நினைக்கவே விடாமல் மூடி வைத்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் "சீ, பூச்சி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். வெளிச்சம் உள்ள இடத்துக்குத்தான் பூச்சி வரும். இருட்டறையின் கண்ணாடியில் எந்தப் பூச்சியும் வந்து முட்டாது. பன்னிரண்டு வருடம் அந்தப் பெட்டி இருந்த வீட்டில் படுத்தவனுக்கு அது தெரியாதா? கதவு பூட்டிக்கொண்டு வெளியே நின்றவளின் விரல் அது. அதன் பிறகுதான் அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வேறு என்ன செய்வாள்? கணக்கு எழுதியிருக்கிறாள்.

டொக்.

"அக்கா," என்றான். "இரு அக்கா. திறக்கறேன். இதோ வந்துட்டேன்."

ஓடினான். கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு முற்றத்தில் இறங்கினான். ஜன்னலருகே யாரும் இல்லை. நாற்காலி காலி. பெட்டிமேல் நோட்டு திறந்து கிடந்தது. அதை அவன் அறைக்குள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான்.

பக்கத்தின் ஓரம் கருகியிருந்தது. இரவு 11, விளக்கு எரியவில்லை, 0.

எரிகிறதே என்று நிமிர்ந்து பார்த்தான்.

பின்னால் செங்கல் தரையில் உரசும் சத்தம் கேட்டது. நிதானமாக. அப்புறம் கதவு. க்ளிக்.

உள்ளே, அவன் தலைமாட்டில், சுவிட்ச் தட்டும் சத்தம்.

இருட்டு.

முனகல் நின்றுவிட்டது. கதவைத் தள்ளினான். அசையவில்லை. சாவி உள்ளே. கத்தினான், வாய் திறந்தது, குரல் வரவில்லை. நெஞ்சில் ஏதோ ஒன்று, நீளமாக, மேலிருந்து கீழாக வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான். ஓர் அடி. இன்னோர் அடி. ஜன்னல்.

நட்சத்திர வெளிச்சத்தில் கட்டில் தெரிந்தது. கட்டிலில் ஆள் படுத்திருந்தது.

கையைத் தூக்கினான். கை கனத்தது. ஒரு விரல்தான் கண்ணாடியை எட்டியது.

டொக்.

டொக், டொக்.

போர்வை அசைந்தது. தலை லேசாக நிமிர்ந்தது. கேட்டுவிட்டது, கேட்டுவிட்டது என்று அவன் கண்ணாடியில் முகத்தை அழுத்தினான்.

"சீ, பூச்சி," என்றாள் அக்கா தூக்கக் கலக்கத்தில், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.